துவாய் விலை கூடினால் காரில் கீறல் குறையுமா?

பாடசாலைக்கு ஒரே காரில் போய்வரும் ஆசிரியர்கள் நாங்கள் மூன்று பேர். கார் ஒருவருடையது, பெற்றோல் மூவருடையது. சனிக்கிழமை காலையில் அதைக் கழுவக் கொண்டுபோவது எங்களிடம் படித்த பொடியன் ஒருவன் நடத்தும் சின்ன இடத்துக்கு. சாதாரண தரம் எழுதிவிட்டு கட்டாருக்குப் போய், அங்கே வாகனம் கழுவும் இடமொன்றில் வேலை பழகி, கொஞ்சம் காசோடு வந்து வீட்டு வளவுக்குள்ளேயே கொட்டில் போட்டு ஆரம்பித்தவன். ஒரு பிரஷர் வொஷர், ஒரு வெக்யூம், உதவிக்கு இரண்டு பேர். அவ்வளவுதான் முதல்.

போன மாதம் நாங்கள் போனபோது அவன் முகம் சரியில்லை. என்ன மகன் என்று கேட்டோம். முதல் நாள் கறுப்புக் கார் ஒன்று கழுவிக் கொடுத்திருக்கிறான். மறுநாள் பகல் வெயிலில் அந்த ஆள் திரும்ப வந்து பொனட்டைக் காட்டியிருக்கிறார். சிலந்தி வலை மாதிரி வட்டம் வட்டமாக மெல்லிய கீறல்கள். "நீ மலிவுத் துணியால துடைச்சுத்தான் இப்பிடி" என்று சொல்லி, காசும் கொடுக்காமல், படம் எடுத்து ஊர் வட்ஸ்அப் குழுவிலும் போட்டுவிட்டார். அந்த வாரம் வர இருந்த நாலு கார் வரவில்லை.

"சேர், கொழும்புல இருந்து நல்ல துவாய் எடுப்போமா? 24 எடுத்தா பாதிக் காசு பிறகு குடுக்கலாமாம். விலையான சாமான் எண்டா ஒருத்தரும் பேச ஏலாதானே" என்றான். ஒன்று 1,800 ரூபாய். 24 எடுத்தால் 43,200. அவன் இப்போது பாவிப்பது ஒன்று 250 ரூபாய்ச் சாமான். இந்தக் கேள்விக்கு அந்த இடத்திலேயே பதில் சொல்ல எங்களுக்குத் தெரியவில்லை. ஆனால் எங்களில் ஒருவர் விஞ்ஞானப் பாடம் படிப்பிக்கிறவர். அவனை ஒரு வாரம் பொறுக்கச் சொல்லிவிட்டு, விலையான துவாய் ஒன்றை மட்டும் எங்கள் காசில் எடுப்பித்தோம்.

முதலில் இந்த மைக்ரோபைபர் என்பது என்ன? பருத்தி இல்லை. பொலியெஸ்டரும் பொலியமைட்டும், அதாவது நைலோன் வகையும், சேர்ந்த நூல். ஒவ்வொரு இழையையும் ஆலையில் பல கீறாகப் பிரித்துவிடுகிறார்கள். பிரிந்த இழைகளுக்கு இடையில் நுண்ணிய இடைவெளிகள் உண்டாகின்றன. தண்ணீர் அதற்குள் ஏறுகிறது, தூசியும் அதற்குள் போய்ச் சிக்குகிறது. பழைய பனியனால் துடைத்தால் தூசி மேலேயே நின்று பெயின்டோடு உரசும். இது தூசியை உள்ளே இழுத்துக்கொள்ளும். இதன் வேலையே அதுதான்.

அப்படியானால் விலை எங்கே வித்தியாசப்படுகிறது? சரியாகப் பிரிக்காத இழை மலிவுச் சாமானில் கூடுதலாக வரும். அதைக் கண்டுபிடிக்கலாம். கண்ணாடியில் ஒரு கரண்டி தண்ணீர் ஊற்றித் துணியை மெதுவாக இழுத்துப் பாருங்கள். பிரிந்த இழை தண்ணீரைக் குடிக்கும், பிரியாதது தள்ளிக்கொண்டு போகும். அடுத்தது கலவை. மலிவானதில் 80க்கு 20 என்று போட்டிருக்கும், விலையானதில் 70க்கு 30. பொலியமைட் கூடினால் தண்ணீர் பிடிப்பதும் கூடும். ஆனால் லேபலில் போட்டிருப்பது உண்மையா என்று நமக்கு வீட்டில் பார்க்க வழியில்லை. பிறகு விளிம்பு. மலிவில் தடித்த நூலால் ஓரம் அடித்திருப்பார்கள், விலையானதில் ஓரத்தில் தையலே இருக்காது, அல்லது மெல்லிய பட்டுப் பட்டி இருக்கும்.

இன்னொன்று, ஜீ.எஸ்.எம். என்று போடும் எண். சதுர மீற்றருக்கு எத்தனை கிராம் என்பது மட்டும்தான் அது. நிறையைச் சொல்லும், தரத்தைச் சொல்லாது. 300 என்றால் மெல்லியது, 500க்கு மேல் என்றால் மொத்தம், தண்ணீர் ஒற்ற நல்லது. 1,200 என்று விற்பதும் உண்டு. எங்கள் கரையோரத்தில் கார்த்திகை மார்கழி மழையில் 1,200 துவாய் ஒன்று காய எத்தனை நாள் எடுக்கும் என்று யோசியுங்கள். மூன்றாம் நாள் அது மணக்கத் தொடங்கும்.

ஒரு வாரம் கழித்து அவனுடைய கொட்டிலிலேயே பரிசோதனை வைத்தோம். பழைய சீடிகள் கொஞ்சம் கொண்டுபோனோம். சீடியின் பளபளப்பான பக்கம் இலகுவில் கீறல் விழும் பிளாஸ்டிக், அதனால் கீறலைப் பார்க்க வசதி. துணியை வைத்து ஒரே அளவு அழுத்தி, இருபது தரம் உரசி, கைபேசி விளக்கில் பிடித்துப் பார்த்தோம்.

விலையான புதுத் துவாய்: ஒன்றும் தெரியவில்லை. 250 ரூபாய்த் துவாய், புதுசு, நடுப்பகுதி: அதிலும் ஒன்றும் தெரியவில்லை! அதே மலிவுத் துவாயின் லேபலும் தைத்த ஓரமும் பட்ட இடத்தில் மெல்லிய கோடுகள் விழுந்தன. சரி, அவ்வளவு வித்தியாசம் இருக்கத்தான் செய்கிறது.

பிறகு எங்கள் விஞ்ஞான ஆசிரியர் அந்த 1,800 ரூபாய்த் துவாயைக் கையிலிருந்து தரையில் போட்டார். தெரிந்துதான் போட்டார். பொடியன் ஓடிவந்து எடுத்து, நாமெல்லாம் செய்வது போல இரண்டு தரம் உதறினான். அதால் உரசினோம். சீடி முழுக்கக் கோடு. கடைசியாக, அவனுடைய வாளியில் காலையிலிருந்து கிடந்த துணியை எடுத்தோம். மூன்று கார் துடைத்த துணி. அதைப் பற்றி எழுதத் தேவையில்லை. அவனே சீடியைப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் வாளியைக் கவிழ்த்துவிட்டான்.

கீறியது துணியல்ல, மணல். எங்கள் ஊர் கடலோரம். கடற்கரை மணலில் இருப்பது குவாட்ஸ், பெயின்டைவிட எவ்வளவோ கடினம். வேளாண்மை வெட்டும் காலத்தில் மெஷின் போகும் பாதையில் எழும்பும் தூசியும் அப்படித்தான், நெல் உமியிலேயே சிலிக்கா இருக்கிறது. இதெல்லாம் பட்டுத் துணியில் ஒட்டினாலும் கீறத்தான் போகிறது. அதிலும் துவாய் நல்லதாக இருக்க இருக்க மணலை இறுக்கிப் பிடிக்கும். உதறினால் போகாது.

கீறல் விழும் இடம் எது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். நிறத்துக்கு மேல் கண்ணாடி போல ஒரு படை அடித்திருப்பார்கள், கிளியர் கோட் என்று. அதன் தடிப்பு 40, 50 மைக்ரோமீற்றர் அளவில்தான். நம் தலைமயிரைவிட மெல்லியது. கட் பொலிஷ் போட்டால் கீறல் மறையும் என்கிறோமே, அது மறைவதில்லை. சுற்றியுள்ள படையைச் சீவிக் கீறலின் ஆழத்துக்குக் கொண்டுவருகிறோம். எத்தனை தரம் சீவலாம்? 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தார்கள். இடையில் பழைய கார்களின் விலை எங்கே போனது என்பது வாங்கியவர்களுக்கும் விற்றவர்களுக்கும் தெரியும். பத்து, பதினைந்து வருடக் கார்தான் நம்மில் கூடுதலானோரிடம் இருக்கிறது. அந்தப் படை ஏற்கெனவே பாதி தேய்ந்தது. கறுப்புக் காரின் வட்டங்களும் ஒரு நாளில் வந்தவை அல்ல. வருடக்கணக்காக ஊரிலுள்ள எல்லாக் கொட்டில்களிலும், அவருடைய வீட்டு முற்றத்திலும் விழுந்தவை. கறுப்பு நிறம் என்பதால் அன்றைய வெயிலில் கண்ணில் பட்டது. நம் பொடியனுக்கும் அதில் பங்கு இல்லை என்று சொல்ல மாட்டோம். அந்த வாளியைப் பார்த்தவர்கள் நாங்கள்.

ஆகவே அவனுக்கு எங்கள் அபிப்பிராயத்தைச் சொன்னோம். 24 விலையான துவாய் எடுக்காதே. கணக்கைப் பார். ஒரு காருக்கு ஒழுங்காகச் செய்தால் ஆறு துணி வேண்டும்: பெயின்டுக்கு இரண்டு, தண்ணீர் ஒற்ற ஒன்று, கண்ணாடிக்கு ஒன்று, உள்ளுக்கு ஒன்று, ரிம்முக்கு ஒன்று. சனிக்கிழமை ஆறு கார் வந்தால் 36 துணி. உன்னிடம் 24 இருந்தால் நாலாவது காரோடு முடிந்தது. பிறகு என்ன செய்வாய்? விலையான துவாயை வாளியில் அலசிப் பிழிந்து ஐந்தாவது காருக்குப் போடுவாய். அப்போது 1,800 ரூபாய்த் துவாயும் 250 ரூபாய்த் துவாயும் ஒன்றுதான்.

இதற்குப் பதிலாக 300 ரூபாய் அளவில், ஓரம் மெல்லியதாக, தண்ணீர்ப் பரிசோதனையில் தேறியதாக 40 துணி. லேபல்களைக் கவனமாக வெட்டி எறி. 12,000. தண்ணீர் ஒற்ற மட்டும் நல்ல பெரிய துவாய் மூன்று, ஒன்று 3,000 போனாலும் பரவாயில்லை, 9,000. ஏனென்றால் அந்த வேலையில் விலைக்குப் பலன் இருக்கிறது; பொனட்டில் விரித்து ஒரு இழுவையில் எடுத்துவிடலாம், மலிவுத் துணியால் அதே இடத்தைப் பத்துத் தரம் உரச வேண்டியிருக்கும். வெக்ஸ் போட்டவர்களுக்குக் கடைசித் துடைப்புக்கு 1,000 ரூபாய் அளவில் ஆறு, 6,000. மொத்தம் 27,000. மிச்சம் 16,200ஐக் கடன் வாங்காதே. இரண்டாவது வாளி வாங்கு, ஒன்று ஷாம்புக்கு, ஒன்று அலச. பாவித்த வொஷிங் மெஷின் ஒன்று பார்.

மெஷின் கதை வந்தது ஏனென்றால், துணிகளைத் தோய்ப்பது அவனுடைய உம்மா. வீட்டுச் சாரனோடும் பருத்தித் துவாயோடும் சேர்த்துத்தான். பருத்திப் பஞ்சு முழுக்க மைக்ரோபைபரில் ஏறியிருந்தது. வாசமாக இருக்கட்டும் என்று சொஃப்ட்னரும் ஊற்றுகிறார் பாவம். அது இழையில் படிந்தால் துணி தண்ணீர் குடிக்காது. காயப் போடுவது வேலியில், சருகும் முள்ளும் அப்படியே ஒட்டிக்கொள்ளும். எவ்வளவு விலைக்கு வாங்கியிருந்தாலும் இந்த வீட்டில் ஒரு மாதம்தான். இப்போது கயிறு கட்டியிருக்கிறார்கள். ரிம்முக்குச் சிவப்பு, பெயின்டுக்கு நீலம் என்று நிறமும் பிரித்தாயிற்று. கீழே விழுந்த நீலம் அன்றோடு சிவப்புக் கூடைக்குப் போகிறது.

காரை விட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போகும் நமக்கும் ஒன்று சொல்ல இருக்கிறது. பொடி வோஷுக்கு நாம் கொடுப்பது என்ன? அதிலும் நூறு ரூபாய் குறைக்கக் கேட்கிறோம். அரை மணித்தியாலத்தில் தா, ஜும்ஆவுக்குப் போகவேண்டும் என்று அவசரப்படுத்துகிறோம். அரை மணித்தியாலத்தில் ஒரு காரை எப்படிக் கழுவலாமோ அப்படித்தான் கழுவுவார்கள். கழுவி எடுத்த கார் வீட்டுக்கு வந்தால் அடுத்த நாள் காலை நாமே டாஷ்போர்ட்டில் கிடக்கும் துணியை எடுத்துக் காய்ந்த தூசியோடு பொனட்டைத் தேய்க்கிறோம். பெயின்டுக்கு அதைவிடக் கெடுதி வேறில்லை. எங்களில் கார்க்காரர் இதை ஒன்பது வருடமாகச் செய்து வந்தவர், அவர் அனுமதியோடுதான் எழுதுகிறோம்.

இரண்டு விலைப் பலகை வை என்று அவனிடம் சொன்னோம். ஒன்று வழக்கமான கழுவல். மற்றது இரண்டு வாளி, அந்தக் காருக்கு மட்டும் ஆறு சுத்தத் துணி, ஒன்றேகால் மணித்தியாலம், 600 ரூபாய் கூட. ஆறு துணியையும் காரின் சொந்தக்காரர் கண்முன்னாலேயே கூடையிலிருந்து எடுக்க வேண்டும். யார் கேட்பார்கள் சேர் என்று சிரித்தான். முதல் சனிக்கிழமை இரண்டு பேர் கேட்டார்கள், ஒன்று நாங்கள். காசைப் பிரிக்கும்போது எங்கள் கார்க்காரர், கார் என்னுடையது, கீறலும் என்னுடையது, 600ஐ மட்டும் ஏன் மூன்றாகப் பிரிக்கிறீர்கள் என்று எங்களுக்காக வாதாடினார். பிறகு மூன்றாகவே பிரித்தோம்.

கறுப்புக் கார்க்காரர் இன்னும் வரவில்லை. அந்தப் படம் இன்னும் குழுவில் கிடக்கிறது. இதை வாசித்தால் அவர் ஒரு சனிக்கிழமை வரட்டும். சீடிகளை அவன் எறியவில்லை, கொட்டில் கம்பத்தில் வரிசையாகத் தொங்கவிட்டிருக்கிறான்.