அம்பாஸிடரா? பியட்டா?

பாப்பாரப்பட்டியில் பழைய கார்களைப் பற்றிப் பேச்செழுந்தால் கட்சிகள் இரண்டு. ஒன்று அம்பாஸிடர் கட்சி. மற்றொன்று பியட் கட்சி. பட்டிமன்றத் தலைப்பாகவே வைக்கத்தக்க இவ்வழக்கில் என் தீர்ப்பைச் சொல்லுமுன் இருபக்கச் சான்றுகளையும் நோக்குவோம்.

இரண்டும் அயல்நாட்டில் பிறந்து இந்நாட்டில் வாழ்க்கைப்பட்டவை. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு, கல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில், இந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் அம்பாஸிடர் ஆயிற்று. இத்தாலியின் பியட் 1100, பம்பாய் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் தொழிற்சாலையில் உருவாகி, 1970களில் பிரீமியர் பத்மினி என்று பெயர் பூண்டது.

முதலில் ஓட்டம். அம்பாஸிடரின் பழைய பெட்ரோல் எஞ்சின் 1,489 சி.சி.; பியட்டினுடையது 1,089 சி.சி. எஞ்சின் சிறிதாயினும் உடல் இலேசானதால் பியட் துள்ளி ஓடும். குறுகிய தெருவில் எளிதாகத் திரும்பும். பெட்ரோலும் குறைவாகவே குடிக்கும். ஆனால் பெண்ணழைப்புக்குப் போகிறவர்கள் எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு மண்சாலையில் செல்ல வேண்டுமென்றால்? அங்கே அம்பாஸிடரின் அகன்ற இருக்கையும் பெரிய சக்கரமும் கைகொடுக்கும். தொப்பூர்க் கணவாயில் ரேடியேட்டர் கொதித்து, ஓரங்கட்டித் தண்ணீர் ஊற்றும் காட்சி மட்டும் இரண்டுக்கும் பொது.

பராமரிப்பில் இரண்டுமே கைக்குழந்தைகள். காலந்தவறாது கிரீஸ் அடிக்க வேண்டும். பிளாட்டினத்தைத் தேய்த்து இடைவெளி சரிபார்க்க வேண்டும். கார்புரேட்டரைக் கழற்றித் துடைக்க வேண்டும். அசட்டையாக இருந்தால் தரைத்தகட்டைத் துரு தின்றுவிடும். ஆயினும் இவற்றுள் பெரும்பாலானவை நாலைந்து ஸ்பானர்களுடன் வேப்பமர நிழலிலேயே முடியும் வேலைகள். உதிரிபாகத்தில் அம்பாஸிடரின் கை ஓங்கியது. பத்மினியின் உற்பத்தி 2000ஐ ஒட்டி முடிந்தது. அம்பாஸிடரோ 2014 மே வரை வெளிவந்தது. அரசு அலுவலகங்களிலும் வாடகைக்கார் நிலையங்களிலும் ஓடியதால் அதன் குணமறிந்த மெக்கானிக்குகளும் பெருகினர்.

"அடிக்கடி பழுதானதால்தான் பழுது பார்ப்போர் பெருகினர், இதிலென்ன பெருமை?" என்று கேட்பாருண்டு. நியாயமான கேள்வியே. போட்டியில்லாச் சந்தையில் இவ்விரண்டும் பல்லாண்டுகள் பெரிதும் மாறாமலே இருந்தன. பணம் கட்டியவர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபின் மக்கள் அதன் பக்கம் சாய்ந்ததில் வியப்பில்லை.

எனினும், நண்பர்களே, ஒன்றை எண்ணிப் பாருங்கள். இன்றைய கார் வழியில் நின்றால், பல வேளைகளில் கம்ப்யூட்டரைப் பொருத்திப் பார்த்த பிறகே நோய் தெரிகிறது. அக்கருவியும் பயிற்சியும் நகரத்திலேயே தங்கிவிட்டால், சிற்றூர்ப் பட்டறைக்கு வேலை எங்கிருந்து வரும்? அங்கே எடுபிடியாகச் சேர்ந்து தொழில் கற்கும் இளைஞனின் கதி என்ன?

ஓட்டிப் பார்க்கப் பியட். வைத்துக் காக்க அம்பாஸிடர். இதுவே என் தீர்ப்பு. ஆனால் பழையதைப் போற்றுவதோடு நில்லாமல், அதில் அடிப்படையைக் கற்ற கைகளுக்குப் புதிய கருவிகளையும் கற்றுத்தர வேண்டும். பழுது நீக்கும் அறிவு ஊருக்குள் இருக்கும்வரைதான் வண்டி நம்முடையது.