கத்தி தீட்டுவது படிப்பில் சேராதா?

தெருவோரம் செருப்பு தைக்கும் தொழிலாளியின் பெட்டியைப் பாருங்கள். அதிலிருக்கும் கத்தி பல நேரங்களில் கடையில் வாங்கியதாக இருக்காது. பழைய ரம்ப பிளேடை உடைத்து, சாணையில் பிடித்து, கைப்பிடிக்குத் தோல் சுற்றி அவரே செய்துகொண்டது.

அதைச் செய்ய என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்? சாணையில் அழுத்திப் பிடித்தால் எஃகு சூடேறும். விளிம்பில் நீலம் பாய்ந்தால் பதம் போய்விட்டது என்று பொருள். அந்தக் கத்தியில் கூர் நிற்காது. அதனால் அடிக்கடி தண்ணீரில் தோய்க்க வேண்டும். தோல் சீவும் கத்திக்கு ஒரு பக்கம்தான் சரிவு, மறுபக்கம் தட்டையாக இருக்க வேண்டும். கல்லில் தேய்க்கத் தேய்க்க, மறுபக்கம் மெல்லிய பிசிறு எழும்பும். விரலில் அது தட்டுப்பட்டால்தான் சரிவு விளிம்புவரை வந்துவிட்டது என்று அர்த்தம். பிறகு தோல் துண்டில் பின்னோக்கி இழுத்து அந்தப் பிசிறை எடுக்க வேண்டும்.

அடுத்தது சோதனை. வெளிச்சத்தில் பிடித்தால் மழுங்கிய இடம் வெள்ளைக் கோடாக மின்னும், கூரான விளிம்பு கண்ணுக்கே தெரியாது. நகத்தின் மேல் மெல்ல வைத்தால் கூரான கத்தி பிடித்துக்கொள்ளும், மழுங்கியது வழுக்கும். கடைசியாக ஒரு கழிவுத் தோலின் ஓரத்தைச் சீவிப் பார்ப்பார். கிழியாமல் சீராக மெலிந்தால் வேலைக்குத் தயார்.

இதில் உலோகவியல் இருக்கிறது, வடிவியல் இருக்கிறது, தரப் பரிசோதனையும் இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்தில் தோல் தொழில்நுட்பம் என்று படித்தால் பி.டெக். பட்டம். தெருவோரத்தில் உட்கார்ந்து செய்தால் 'சாதித் தொழில்'. கத்தியைத் தீட்டத் தெரிந்தவரையே தீட்டு என்று ஒதுக்கிய சமூகம் இது.

நண்பர்களே, இங்கே இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. இழிவுபடுத்துவதைப் போலவே, 'பரம்பரைத் திறமை, ரத்தத்தில் ஊறியது' என்று புகழ்வதும் ஒரு பொறிதான். ரத்தத்தில் எந்தத் திறமையும் ஊறுவதில்லை. விரல் வெட்டுப்பட்டு, பல கத்திகளைக் கெடுத்து, ஆண்டுக்கணக்கில் கற்றுக்கொண்டது அது. பிறப்பால் வந்தது என்று சொல்லும்போது அந்த உழைப்பை நாம் அழிக்கிறோம். கூடவே, 'அப்படியானால் உன் பிள்ளையும் இதையே செய்யட்டும்' என்ற வாதத்துக்கும் வழிவிடுகிறோம்.

இது கற்பனை இல்லை. 1953-ல் ராஜாஜி கொண்டுவந்த கல்வித் திட்டம், பள்ளி நேரத்தைக் குறைத்து மீதி நேரத்தில் பெற்றோரின் தொழிலைப் பழகச் சொன்னது. குலக்கல்வி என்று மக்கள் எதிர்த்தார்கள். 1954-ல் காமராஜர் அதைக் கைவிட்டார். 2023-ல் ஒன்றிய அரசு தொடங்கிய பி.எம். விஸ்வகர்மா திட்டத்திலும் 18 தொழில்கள், குடும்பவழித் தொழில் என்ற வரையறையோடுதான் வந்தன. 18 வயதிலேயே சேரலாம். கல்லூரிக்குப் போக வேண்டிய வயது அது! தமிழ்நாடு அரசு இதை ஏற்காமல், 35 வயதுக்கு மேற்பட்டோருக்கு, குடும்பத் தொழில் நிபந்தனை இல்லாத கலைஞர் கைவினைத் திட்டத்தைக் கொண்டுவந்தது. இந்த வேறுபாடு சிறியதல்ல.

சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்யும் மனிதர்களையே அடுக்கடுக்காகப் பிரித்தது என்று அம்பேத்கர் 1936-லேயே 'சாதி ஒழிப்பு' நூலில் விளக்கிவிட்டார். அந்த அடுக்கு மானியக் கடனால் உடையாது.

நாம் கேட்க வேண்டியது இரண்டு. ஒன்று, அனுபவமுள்ள தொழிலாளர்களைத் தொழிற்பயிற்சி நிலையங்களில் முழுச் சம்பளத்துடன் பயிற்றுநராக நியமியுங்கள். எந்தச் சாதிப் பிள்ளையும் அவரிடம் வந்து கற்கட்டும். இரண்டு, அவருடைய பிள்ளை எதைப் படிக்க விரும்பினாலும் அதற்கான இடமும் உதவித்தொகையும் உறுதியாகக் கிடைக்கட்டும்.

களப்பணிக்குப் போகும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் அறிக்கையில் 'பாரம்பரியத் தொழில் செய்கிறார்' என்று ஒரே வரியில் முடிக்காதீர்கள். அவருக்கு என்ன தெரியும், யாரிடம் கற்றார், என்ன கூலி கிடைக்கிறது என்று கேட்டு எழுதுங்கள். தன் பிள்ளை என்னவாக வேண்டும் என்று நினைக்கிறார் என்பதையும் கேளுங்கள்.