கல்லுக்குள் பூட்டும் கழிவு

தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் நியூட்ரினோ ஆய்வகம் என்றதுமே, மலையைக் குடைவது அணுக்கழிவைப் புதைக்கத்தான் என்ற பேச்சு மதுரை வரை பரவியது. வைகோ தொடர்ந்த வழக்கில், மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி இல்லாமல் வேலையைத் தொடங்கக் கூடாது என்று 2015 மார்ச்சில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. இது கழிவுக் கிடங்கு இல்லை என்று விஞ்ஞானிகள் சொன்னார்கள். அது உண்மைதான். ஆனாலும் அச்சம் போகவில்லை. கழிவை என்னதான் செய்கிறார்கள் என்று புரியும்படி யாராவது சொல்லியிருந்தால்தானே!

எரிந்து முடிந்த அணு எரிபொருளில் இருந்து யுரேனியத்தையும் புளுட்டோனியத்தையும் பிரித்தெடுத்தால், மிஞ்சுவது அமிலக் கரைசல். சீசியம், ஸ்ட்ரான்சியம் எல்லாம் அதில்தான் இருக்கும். திரவம் என்றால் என்றாவது கசியும். அதனால் கண்ணாடிப் பொருட்களோடு சேர்த்து உருக்கி, எஃகுக் கலனில் ஊற்றி உறைய வைக்கிறார்கள். நம் கல்பாக்கத்திலும் இதற்கு ஓர் ஆலை உண்டு. கோவில்பட்டி கடலை மிட்டாய் மாதிரி என்று நினைத்துவிடாதீர்கள். மிட்டாயில் கடலையைத் தனியே எடுத்துவிடலாம். இங்கே கழிவு கண்ணாடியோடு கண்ணாடியாகவே சேர்ந்துவிடும்.

உருக்குவதற்கு ஒரு வழி, வீட்டு இண்டக்‌ஷன் அடுப்பின் தத்துவம்தான். உலோகப் பாத்திரத்தைச் சுற்றி மின்சுருள். பாத்திரம் சூடாகி உள்ளே கண்ணாடி உருகும். ஒரே தொல்லை, கொதிக்கும் கண்ணாடி பாத்திரத்தையே அரித்துவிடும். டிராம்பேயில் உள்ள பாபா அணு ஆராய்ச்சி மையம் இதற்காக உருவாக்கிய 'குளிர் மூசை' எல்லாவற்றையும் தலைகீழாக்குகிறது. சுவருக்குள் தண்ணீர் ஓட, வெப்பம் கண்ணாடிக்குள்ளேயே பிறக்கும். சுவரை ஒட்டிய கண்ணாடி மட்டும் உறைந்து, பானையின் அடியில் பிடித்த காந்தல் போல நின்று, மூசையைக் காக்கும். வெப்பத்தை இன்னும் ஏற்றலாம் என்பதால், கண்ணாடியைவிட உறுதியான பீங்கான் கற்களையும் இப்படி உருக்கி வார்க்க முடியும்.

கல்லின் மேல் ஏன் இத்தனை நம்பிக்கை? 1978-ல் ஆஸ்திரேலியாவின் டெட் ரிங்வுட் 'சின்ராக்' என்ற செயற்கைப் பாறையை முன்வைத்தபோது, இயற்கையைத்தான் பின்பற்றினார். இலங்கையில் கிடைத்த சிர்கோனோலைட் கற்களுக்கு வயது சுமார் 55 கோடி ஆண்டுகள். கதிர்வீச்சால் உள்ளமைப்பு சிதைந்தும், தம்மிடமுள்ள யுரேனியத்தையும் தோரியத்தையும் அவை கசியவிடவில்லை. எந்த ஆய்வகமும் நடத்த முடியாத சோதனை அது!

சீசியத்தின் வீரியம் பாதியாகக் குறையவே சுமார் 30 ஆண்டுகள் ஆகும். மகாராஷ்டிரத்தின் தாராப்பூரில், கண்காணிப்புக் கிடங்கில் காற்றோட்டத்தால் மட்டுமே குளிர்ந்தபடி கலன்கள் காத்திருக்கின்றன. அவற்றை ஆழ்நிலத்தில் நிரந்தரமாக வைக்கும் கிடங்கு இந்தியாவில் இன்னும் எங்குமே கட்டப்படவில்லை.