பேரல் எத்தனை இன்ச்சுங்கறது இருக்கட்டும், குண்டு எங்கே போய் விழும்?

செல்போன்ல சுடுற கேம் ஆடுறவங்க நடுவுல ஒரு பட்டிமன்றம் ஓயாம நடக்குது. செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிளுக்கு எந்த பேரல் சரி? 14.5 இன்ச்சா, 20 இன்ச்சா? குட்டையா இருந்தா வண்டிக்குள்ளயும் சந்துக்குள்ளயும் திருப்ப வசதி. நீளமா இருந்தா வெடிமருந்து வாயு குண்டை இன்னும் கொஞ்ச நேரம் தள்ளும், வேகம் கூடும். ரெண்டு கோஷ்டி சொல்றதும் சரிதான்.

ஆனா ஒண்ணு. போலீஸும் ராணுவமும் வெச்சிருக்கிற அந்த ரைஃபிள் உங்களுக்கும் எனக்கும் லைசென்ஸ்ல கிடைக்கப் போறதில்ல. பேரலைத் தேர்ந்தெடுக்கிறது அரசாங்கம். நமக்கு வர்றது அதோட எதிர்முனை. புதுக்கோட்டைக்காரங்களுக்கு இதைத் தனியா விளக்க வேண்டியதில்ல.

2021 டிசம்பர் 30. நார்த்தாமலை பக்கம் பசுமலைப்பட்டி துப்பாக்கி சுடும் தளத்தில் மத்திய தொழிற்பாதுகாப்புப் படையினருக்குப் பயிற்சி. தாத்தா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்த 11 வயசுப் பையன் தலையில் குண்டு பாய்ந்தது. 2022 ஜனவரி 3-ல் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இறந்துபோனான். வீட்டுக்கும் தளத்துக்கும் நடுவே ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர் இருக்கும்.

"அவ்வளவு தூரமா வரும்?"னு அப்ப ஆச்சரியப்பட்டவங்க நிறைய. ஆச்சரியப்பட ஒண்ணுமே இல்லீங்க. அமெரிக்க ராணுவக் கையேட்டைப் பாருங்க. 20 இன்ச் எம்-16, குறிவைத்து அடிக்கும் தூரம் 550 மீட்டர். 14.5 இன்ச் எம்-4, 500 மீட்டர். பட்டிமன்றம் எல்லாம் இந்த 50 மீட்டருக்குத்தான்! குண்டு போய் விழக்கூடிய அதிகபட்ச தூரம்? ரெண்டுக்கும் ஒரே எண்: 3,600 மீட்டர். நம்ம இன்சாஸும் அதே 5.56 மி.மீ ரகம், 464 மி.மீ பேரல். பழைய எஸ்.எல்.ஆர். 21 இன்ச் பேரல், 7.62 மி.மீ குண்டு, அதுவும் மூணு கிலோமீட்டரைத் தாண்டும். அஞ்சாறு இன்ச் வெட்டினா ரைஃபிள் எடை குறையும், ஊர் தப்பிக்காது.

நான் பி.காம். எங்க பாடத்தில் ஒரு சங்கதி உண்டு: செலவை யார் கணக்கில் எழுதுறோம் என்பதுதான் பாதி நேர்மை. பயிற்சிச் செலவுன்னு தோட்டா, சாப்பாடு, வண்டி வாடகை எல்லாம் எழுதுவாங்க. மூணு கிலோமீட்டர் வரைக்கும் இருக்கிற வீடு, வயல், ஆடு மேய்க்கிற பொட்டல் எழுதப்படாது. அது ஊர்க்காரன் தலையில். பையன் செத்த பிறகு முதல்வர் அறிவித்த நிவாரணம் 10 லட்சம் ரூபாய். அப்போதான் முதல் தடவையா அந்தச் செலவு ஏட்டுக்கு வந்தது.

"அப்ப போலீஸ் பயிற்சியே எடுக்க வேண்டாமா?"ன்னு கேட்பீங்க. எடுக்கட்டும். குறி பழக எல்லாருக்கும் பெரிய ரைஃபிள் எதுக்கு? என்.சி.சி பசங்க .22-ல்தானே பழகுறாங்க? அந்தச் சின்னக் குண்டே ஒன்றரை கிலோமீட்டர் வரை போகும். அதனால வெறும் மண்மேடு மட்டும் போதாது. தலைக்கு மேலே தடுப்பு, பக்கச் சுவர், முடிஞ்சா முழுசா மூடிய கூடம் வேணும். பெரிய ரைஃபிளைத் திறந்தவெளியில்தான் சுடணும்னா, குண்டு கடைசியா விழக்கூடிய தூரம் வரைக்கும் ஆளே இல்லாத இடம் வேணும். நார்த்தாமலை மாதிரி பாறையும் ஊரும் கலந்து கிடக்கிற இடத்தில் அது எங்கே இருக்கு? பாறையில் பட்ட குண்டு எந்தப் பக்கம் திரும்பும்னு எந்த அதிகாரியும் உத்தரவாதம் தர முடியாது.

சம்பவத்துக்கு அப்புறம் தளத்தைத் தற்காலிகமா மூடச் சொல்லி உத்தரவு வந்தது. ஊர்க்காரங்க கேட்டது நிரந்தர மூடல். கையேட்டில் இருக்கிற அந்த 3,600-ஐ வெச்சுப் பார்த்தா, அவங்க கேட்டதில் உணர்ச்சிவசம் எதுவுமே இல்ல. வெறும் கணக்கு.

அதனால பேரல் நிபுணர்களே, அடுத்த தடவை அளவு பேசும்போது 550-ஐ விடுங்க, 3,600-ஐப் பேசுங்க. அந்த தூரத்துக்குள்ள யார் வீட்டில் யார் சோறு சாப்பிட்டுக்கிட்டு இருக்காங்கன்னு பாருங்க. சரியான பேரல் எதுன்னு அதுக்கப்புறம் முடிவு பண்ணலாம்.