திறந்த நிரலும் மூடிய பதிவேடும்

சீனத்தில் இணையத் திறந்தநிலை என்றாலே அரசுத் தணிக்கையோடு பேச்சை முடித்துக்கொள்வோர் உண்டு. 2019 மார்ச் இறுதியில் நடந்ததை அந்தச் சட்டகத்துக்குள் அடைக்க இயலாது. பெயர் வெளியிடாத நிரலாளர் ஒருவர், உலகெங்கும் நிரலாளர்கள் தம் நிரல்களைப் பகிர்ந்துகொள்ளும் கிட்ஹப் தளத்தில் ‘996.ஐசியு’ என்ற பக்கத்தைத் திறந்தார். காலை 9 முதல் இரவு 9 வரை, வாரத்துக்கு 6 நாள் உழைப்பு. அதன் முடிவு தீவிர சிகிச்சைப் பிரிவு. பெயரின் பொருள் அதுவே.

வாரத்துக்கு 72 மணி நேரம். சீனத் தொழிலாளர் சட்டமோ நாளுக்கு 8 மணி, வாரத்துக்குச் சராசரி 44 மணி என வரையறுக்கிறது. மிகைநேரப் பணி மாதத்துக்கு 36 மணியைத் தாண்டலாகாது. சட்டத்தை மீறும் நிறுவனங்களைத் தொழிலாளர்களே ஆதாரத்துடன் அப்பக்கத்தில் பட்டியலிட்டனர். சில வாரங்களில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஆதரவுக் குறியிட்டனர். டென்சென்ட், அலிபாபா உள்ளிட்ட பெருநிறுவனங்களின் உலாவிகள் அப்பக்கத்தைத் தடுத்தன. இங்கே கதவைச் சாத்தியது மூலதனத்தின் கை. அதே ஏப்ரலில் அலிபாபாவின் ஜாக் மா, இவ்வாறு உழைக்கக் கிடைப்பது பெரும்பேறு என்றார். யாருக்குப் பேறு என்பதைச் சொல்லவில்லை.

கிட்ஹப்பும் தொழிலாளர் சொத்தன்று. 2018 முதல் அது மைக்ரோசாப்டின் உடைமை. அப்பக்கத்தைத் தணிக்கையின்றிக் காக்க வேண்டுமென அந்நிறுவனத்தின் ஊழியர்களே கையொப்பமிட்டுக் கோரினர். எல்லை கடந்த வர்க்க ஒற்றுமை என்று மேடையில் முழங்குவது எளிது. தம் முதலாளியிடமே அதைக் கோரிக்கையாக வைப்பது வேறு.

இயக்கத்தின் கூர்மையான படைப்பு ‘996 எதிர்ப்பு உரிமம்’. தொழிலாளர் சட்டத்தை மதிக்காத நிறுவனம் இந்த உரிமத்தின்கீழ் வரும் நிரலைப் பயன்படுத்தலாகாது என்பது அதன் விதி. யாரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்பதே திறமூலத்தின் இலக்கணம். ஆகவே இது திறமூலமே அன்று என்று தூய்மைவாதிகள் மறுத்தனர். இலக்கணப்படி அவர்கள் சொல்வது சரிதான். ஆயினும் நிபந்தனையற்ற திறந்தநிலையால் பெருநிறுவனங்கள் இலவச நிரலை அள்ளிச் சென்றன. நிரலை எழுதியவரின் பணிநேரப் பதிவேடு மூடியே கிடந்தது. அந்த இலக்கணம் யாருக்குப் பயன்பட்டது என்ற கேள்வியை இந்த உரிமம் நிரலோடு சேர்த்தே எழுதிவைத்தது.

2021 ஆகஸ்டில் சீன உச்ச மக்கள் நீதிமன்றமும் மனிதவள அமைச்சகமும் 996 முறை சட்டவிரோதம் எனத் தெளிவுபடுத்தி, முன்மாதிரி வழக்குகளை வெளியிட்டன. அவற்றுள் ஒன்று, அந்த நேர அட்டவணையை ஏற்க மறுத்ததால் வேலையிழந்த ஒரு கூரியர் நிறுவன ஊழியருடையது.