மெருகுக்கா பரிசு, வேலைக்கா?

கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர் வட்டாரங்களில் பரம்பரையாகச் செதுக்கப்படும் தெய்வ உருவங்கள், புராணக் காட்சிப் பலகைகள், கதவுகள் எல்லாம் அதற்குள் அடங்கும். வேறு ஊரில் செய்ததை இந்தப் பெயரில் விற்காமல் தடுக்க அது சட்டக் காவல். ஆனால் இந்தப் பெயரில் வரும் வேலைகளுக்குள் எது உயர்ந்தது, எது சுமாரானது என்று குறியீடு சொல்லாது. அதைச் சொல்லும் இடம் போட்டிகள்தாம்: பூம்புகார் நிறுவனத்தின் மாநில விருது, 1965 முதல் மத்திய அரசு வழங்கும் தேசிய விருது, 2002-இல் தொடங்கிய சில்ப குரு விருது, மாணவர்களுக்குப் பள்ளிக் கல்வித் துறையின் கலைத் திருவிழா. விருது பெற்றவரைத் தேடித்தான் வெளியூர் வேலை வருகிறது. ஆகவே நடுவர் எதைப் பார்த்து மதிப்பெண் போடுகிறாரோ, அதையே அடுத்த தலைமுறை பட்டறையில் கற்றுக்கொள்ளும். மரபுவழிக் கைவினைப் போட்டிகளில் முடிந்த பொருளின் பளபளப்பும் பருமனும் பரிசைத் தீர்மானிக்கக் கூடாது. எந்த முன்மாதிரியை வைத்து, எந்த மரத்தில், எந்தக் கருவியால் செய்தார், எங்கே ஏன் விலகினார் என்பதையும் சேர்த்தே அளக்க வேண்டும் என்பது என் வாதம்.

முடிந்த பொருளை மட்டும் பார்ப்பவரை மரம் எளிதில் ஏமாற்றிவிடும். சி.என்.சி. மெஷின் வெட்டித் தந்த உருவத்தின் மேல் கடைசியில் உளியை ஓட்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வார்னிஷ் பூசினால், மேடையில் இரண்டு நிமிடம் நின்று பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. வெடிப்பை மக்கு வைத்து அடைக்கலாம். வெளிர் மரத்துக்குச் சாயம் ஏற்றி ஈட்டி மரத்தைப் போலக் காட்டலாம். நல்ல சிற்பியின் அறிவு இருப்பதோ கண்ணுக்குத் தெரியாத இடத்தில். மரம் காய்ந்துவிட்டதா என்று பார்ப்பது, ரேகை ஓடும் திசைக்கு ஏற்பக் கையையும் விரலையும் அமைப்பது, கணு முகத்தில் விழாதபடி கட்டையைத் திருப்பி வைப்பது, கொட்டாப்புளியின் அடியை எங்கே குறைப்பது என்று அறிவது எல்லாம் பத்து வருடப் பழக்கத்தில் வருபவை. இவற்றுக்கு மதிப்பெண் தாளில் இடமே இல்லையென்றால், ஒரு இளைஞன் எதற்காக அவற்றைக் கற்கப் பத்து வருடம் செலவிட வேண்டும்?

அளவைப் பற்றியும் இதையே சொல்ல வேண்டும். சிற்ப சாஸ்திரத்தின் தாளமான அளவுமுறையில் உத்தம தசதாளம் என்றால் உருவத்தின் உயரம் 124 கூறு. அந்தக் கூறுகளில் முகத்துக்கு எத்தனை, மார்புக்கு எத்தனை, முழங்காலுக்கு எத்தனை என்று கணக்கு உண்டு. 1957-இல் தொடங்கிய மாமல்லபுரம் சிற்பக் கல்லூரியில் பயின்றவர்களும் பட்டறையில் தந்தையிடம் கற்றவர்களும் இந்தக் கணக்கை அறிந்தவர்கள். அதே சமயம், இன்று வீடுகளுக்கு விற்கும் தெய்வ முகங்கள் பலவற்றில் பழைய தேர்ச் சிற்பத்தின் சாயலைவிட அச்சுப் படங்களின் சாயலே தெரிகிறது. ரவிவர்மா 1894-இல் தொடங்கிய அச்சகத்திலிருந்தும், பின்னர் கோவில்பட்டி கொண்டையராஜுவின் காலண்டர் படங்களிலிருந்தும் வந்த முகம் அது. அந்த முகத்தைச் செதுக்குவது தவறே இல்லை. மக்கள் விரும்பிக் கும்பிடும் முகம். ஆனால் பழைய தேர்ப்பலகையை ஒட்டிய வேலையும் காலண்டரை ஒட்டிய வேலையும் ஒரே மேசையில் வரும்போது, எது எதை ஒட்டியது என்று தெரியாத நடுவர் தனக்குப் பழகிய முகத்துக்கே பரிசு கொடுப்பார். மூலவரே மரத்தால் ஆனவர் என்று போற்றப்படும் திருக்கோவிலூர் திரிவிக்கிரமர் கோயில் இதே மாவட்டத்தில் இருக்கிறது. அந்தத் திரிவிக்கிரமரின் தூக்கிய திருவடியின் அமைப்பை ஒருவர் எப்படிப் புரிந்துகொண்டு செதுக்கியிருக்கிறார் என்று கேட்கத் தெரியாதவர் இங்கே நடுவராக அமர்வது சரியல்ல.

பழைய கைவேலையை மீட்டுச் செய்பவர்கள் உலகில் வேறு இடங்களிலும் இந்தக் கேள்வியைச் சந்தித்திருக்கிறார்கள். 1966-இல் அமெரிக்காவின் பெர்க்லியில் தொடங்கிய ‘சொசைட்டி ஃபார் கிரியேட்டிவ் அனாக்ரனிசம்’ என்ற அமைப்பு 17-ஆம் நூற்றாண்டுக்கு முந்தைய வாழ்வைப் பயின்று நடித்துக் காட்டுகிறது. அதன் கைவினைப் போட்டிகளில் பொருளோடு ஒரு விளக்கமும் வைப்பது பழக்கம்: எந்தக் காலத்துப் பொருள், என்ன ஆதாரம், அசல் மூலப்பொருள் எது, அது கிடைக்காமல் எதைப் பயன்படுத்தினேன். விலகியதை ஒப்புக்கொள்வது அங்கே குறையாகாது. ஜப்பான் 1974-இல் இயற்றிய மரபுக் கைத்தொழில் சட்டமும் பொருளின் அழகோடு நிற்காமல், செய்முறையின் முக்கியப் பகுதி கையால் நடக்கிறதா, நுட்பமும் மூலப்பொருளும் மரபானவையா என்று கேட்கிறது.

நம் சிற்பிகளிடம் பக்கம் பக்கமாக எழுதச் சொல்வது அநியாயம், எழுதத் தெரிந்தவருக்கே பரிசு போய்விடும் என்பது முதல் மறுப்பு. நியாயமான அச்சம் இது. விளக்கத்துக்கு அளவுக்கு மீறி மதிப்பெண் போனால் வெளிநாட்டிலும் இந்தக் கோளாறு வரும். அதனால் விளக்கம் வாய்மொழியாகவே இருக்கட்டும். நடுவர் பட்டறைக்குப் போய், பாதி முடிந்த நிலையில் ஒருமுறை பார்த்து, ஐந்து கேள்வி கேட்டால் போதும். செய்யச் செய்யக் கைபேசியில் எடுத்த படங்கள் மற்றதைச் சொல்லிவிடும். மொத்த மதிப்பெண்ணில் பாதிக்குக் குறையாமல் வேலைத்திறனுக்கே இருக்க வேண்டும்.

இயந்திரம் இல்லாமல் பிழைப்பு நடக்குமா என்பது அடுத்த கேள்வி. நடக்காது என்று சொல்பவரோடு எனக்குச் சண்டை இல்லை. மரம் விலை ஏறிவிட்டது. ஈட்டி மரத்தைக் காக்கத் தமிழ்நாடு 1994-இல் தனிச்சட்டமே இயற்றியது. 2017 முதல் ஈட்டி சேர்ந்த டால்பெர்ஜியா பேரினம் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டில் இருக்கிறது. விலைக்குக் கட்டுப்பட்டுச் செய்யும் வேலைக்கு மெஷின் உதவட்டும். அதற்குத் தனிப் பிரிவு வைத்துப் பரிசும் கொடுக்கலாம். முழுக்கக் கையால் செய்ததையும் மெஷினில் வெட்டியதையும் சொல்லாமல் ஒன்றாக நிறுத்துவதுதான் அநீதி. கையால் செய்தவருடைய மாதக்கணக்கான உழைப்பை அது திருடுகிறது. மரம் எங்கே வாங்கியது என்பதும் நடுவர் கேட்கும் அந்த ஐந்து கேள்விகளில் ஒன்றாக இருக்க வேண்டும். மலையடிவாரத்து மாவட்டத்தில் அதைக் கேட்காமல் விட முடியாது.

இப்படியெல்லாம் அளந்தால் கலை உறைந்துபோகும், புதியது பிறக்காது என்பார்கள். காரணம் சொல்லி விலகுபவருக்கு மதிப்பெண் உண்டு என்றால் எப்படி உறையும்? உறைவது வேறு இடத்தில்: ஒரே அளவுகோலை எல்லாவற்றுக்கும் வைக்கும்போது. கல்வராயன் மலையில் வாழும் மலையாளி மக்கள் வீட்டிலும் வயலிலும் புழங்கத் தாங்களே செய்துகொள்ளும் மரப்பொருள்களைத் தாளமானத்தால் அளக்க முடியாது. உலக்கையின் பிடி கைக்கு இதமாக இருக்கிறதா, உரல் வெடிக்காமல் உழைக்குமா என்பதே அங்கே கேள்வி. அதற்கு நடுவர் அதைப் பயன்படுத்தும் பெண்கள். வெள்ளிமலைப் பள்ளி மாணவர் தன் ஊர்ப் பொருளைச் செய்து கொண்டுவந்தால், ‘சிற்ப வேலைப்பாடு குறைவு’ என்று எழுதி ஒதுக்கும் மதிப்பெண் தாளை இந்த மாவட்டம் வைத்திருக்கக் கூடாது.

சிறிய ஊரில் எல்லாரும் எல்லாருக்கும் தெரிந்தவர்கள். சிற்பியே நடுவரானால் உறவும் பகையும் புகுந்துவிடும் என்ற கவலைக்கு இரண்டு வழி இருக்கிறது. பெரம்பலூர் அரும்பாவூரிலும் சேலம் தம்மம்பட்டியிலும் இதே தொழில் செய்யும் மூத்த சிற்பிகள் இருக்கிறார்கள்; நடுவர் குழுவில் பெரும்பான்மை அவர்களாக இருக்கட்டும், கள்ளக்குறிச்சிக்காரர்கள் அங்கே போய் நடுவராகட்டும். இன்னொன்று பிரான்சில் நடப்பது. 1924 முதல் அங்கே ‘மெய்யர் உவ்ரியே’ பட்டத்துக்கு வருபவர்கள் ஒருவரோடொருவர் மோதுவதில்லை. குறித்த தரத்தை எட்டிய அனைவருக்கும் பட்டம், எட்டாவிட்டால் ஒருவருக்கும் இல்லை. முதல் பரிசு ஒன்றே என்ற ஏற்பாட்டைக் கைவிட்டால் பாரபட்சத்துக்கான ஆசையே பாதி குறைந்துவிடும். பரிசு பெறாதவருக்கும் மதிப்பெண் தாளின் நகலைக் கொடுக்க வேண்டும். எந்த இடத்தில் எவ்வளவு குறைந்தது, ஏன் என்று நடுவரின் கையெழுத்தோடு, தமிழில்.