வாரம் ஒரு வாளி

மீன் தொட்டி வைத்திருக்கும் வீடுகளில் தண்ணீர் மாற்றும் நாள் என்றாலே கலவரம்தான். கூடத்தில் வாளி, மக், கிழிந்த துண்டு. தரையெல்லாம் ஈரம். "இதெல்லாம் நமக்குத் தேவையா?" என்று சமையலறையிலிருந்து ஒரு குரல். அந்தக் குரலுக்குப் பயந்தே அடுத்த வாரம் வேலை தள்ளிப்போகும். அதற்கடுத்த வாரம் யாருக்காவது கல்யாணம். தண்ணீர் பச்சையாகி வாடையும் அடித்த பிறகு, ஒரேயடியாக எல்லாவற்றையும் வெளியே எடுத்துத் தேய்த்துக் கழுவுவார்கள். இரண்டு மூன்று நாளில் மீன் மிதக்கும்.

பெரும்பாலும் அது அழுக்கால் வந்த சாவு அல்ல, கழுவியதால் வந்தது. மீனின் கழிவிலிருந்தும் தின்னாமல் மிஞ்சிய தீனியிலிருந்தும் அம்மோனியா வந்துகொண்டே இருக்கும். ஃபில்டர் பஞ்சிலும் கூழாங்கல்லிலும் ஒட்டியிருக்கும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாக்கி, பிறகு நைட்ரேட்டாக்குகின்றன. முதல் இரண்டும் கொஞ்சம் சேர்ந்தாலே விஷம். நைட்ரேட் அவ்வளவு மோசமில்லை. ஆனால் தானாகப் போகாது, நாம்தான் தண்ணீரோடு வெளியேற்ற வேண்டும். பஞ்சைக் குழாயடியில் வெள்ளையாகும்வரை பிழிந்து, கல்லை வெயிலில் உலர்த்தினால் பாக்டீரியாக்கள் மொத்தமாகத் தொலையும். அவை மறுபடி பெருகச் சில வாரங்கள் ஆகும். மாதச் சம்பளம் பேசி வீட்டுக்கு வந்து கழுவிக் கொடுப்பவர்களிலும் சிலர் இதைத்தான் செய்கிறார்கள். கண்ணாடி பளபளக்கும், அடுத்த முறை புது மீனையும் அவர்களே கொண்டுவருவார்கள்.

வாரம் கால் பங்கு மாற்றினால் போதும். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டியில் விளிம்புவரை ஊற்றினாலே 56 லிட்டர்தான் பிடிக்கும். அதில் கால் பங்கு என்பது ஒரு வாளி. இந்த ஒரு வாளிக்கா அத்தனை ரகளை? ரகளை செய்வது தண்ணீர் இல்லை, மக்.

மக்கைத் தூக்கிப் போட்டுவிட்டு, உள்ளே ஓடும் தண்ணீர் தெரிகிற மாதிரி ஒரு பிளாஸ்டிக் குழாய் வாங்குங்கள். அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலின் அடியை வெட்டிவிட்டு, கழுத்தைக் குழாயின் ஒரு முனையில் செருகிக் கட்டிவிடுங்கள். குழாய் முழுவதையும் தொட்டிக்குள் அமுக்கி, குமிழ் வருவது நிற்கும்வரை பிடித்திருங்கள். மறுமுனையைக் கட்டைவிரலால் அடைத்து, தொட்டிக்குக் கீழே வாளிக்குள் இறக்கி விரலை எடுத்தால் தண்ணீர் தானாக ஓடும். வாயால் உறிஞ்ச வேண்டியதில்லை. மீன் தண்ணீரை ஒருமுறை விழுங்கியவர் மறுமுறை இந்தப் பக்கமே வரமாட்டார். பாட்டிலின் வெட்டிய பக்கத்தைக் கூழாங்கல்லுக்குள் அழுத்துங்கள். கற்கள் பாட்டிலுக்குள் பாதி உயரம் எழும்பிப் புரண்டு மறுபடி விழும். அவற்றுக்கிடையே இருந்த பழுப்புக் கசடு மட்டும் குழாய் வழியே போய்விடும். அகலமான பாட்டிலுக்குள் தண்ணீரின் வேகம் குறைவு என்பதால் கல்லைத் தூக்கிச் செல்ல முடியாது, அவ்வளவுதான். வாளியில் விழுந்த அந்தத் தண்ணீரிலேயே ஃபில்டர் பஞ்சை இரண்டு பிழி பிழிந்தால் போதும். மிச்சம் கறிவேப்பிலைச் செடிக்கு. கல்லுப்போ நீல மருந்தோ போட்ட வாரம் என்றால் மட்டும் சாக்கடைக்கு.

எடுப்பதைவிடத் திரும்ப ஊற்றுவதுதான் இடுப்பைப் பிடிக்கும் வேலை. வெளிநாடுகளில் குழாயில் மாட்டி, தண்ணீரின் அழுத்தத்தாலேயே தொட்டியைக் காலி செய்து நிரப்பும் சாதனம் விற்கிறார்கள். நம்மூர் மொட்டைமாடித் தொட்டி தரும் அழுத்தத்துக்கு அது சரிப்படாது. தவிர, அழுக்குத் தண்ணீரை இழுக்க நல்ல தண்ணீரையும் சேர்த்துச் சாக்கடையில் விட வேண்டும். லாரிக்குக் காத்திருக்கும் தெருவில் அது அக்கிரமம். ஏர்கூலருக்குள் ஓடுமே, அந்தக் குட்டி மோட்டார் போதும். 18 வாட்தான், நாலைந்தடி உயரத்துக்குத் தாராளமாக ஏற்றும். வாளியில் மோட்டாரை முழுக்க மூழ்கவைத்து, குழாயைத் தொட்டி விளிம்பில் துணி கிளிப்பால் கவ்வவிட்டு, கடைசியாக ஸ்விட்ச். தண்ணீரில் கை வைப்பதற்கு முன் எல்லா ஸ்விட்சையும் அணைப்பது தனி விதி. ஓடிக்கொண்டிருக்கும் ஹீட்டர் தண்ணீருக்கு வெளியே தெரிந்தால் அதன் கண்ணாடி வெடித்துவிடும்.

புதுத் தண்ணீரை முதல் நாள் இரவே பிடித்துத் திறந்து வைத்துவிட வேண்டும். குழாய்த் தண்ணீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும் என்பது இந்தியத் தரம். நமக்குப் பாதுகாப்பு, மீனின் செவுளுக்கு எரிச்சல். இரவு முழுக்கத் திறந்திருந்தால் பெரும்பாலும் பறந்துவிடும். அவசரமென்றால் கடையில் கேட்டால் ஆன்டி குளோரின் சொட்டு மருந்து கிடைக்கும். மே மாத மதியத்தில் மாடித் தொட்டியிலிருந்து நேராகப் பிடித்து ஊற்றுவது மீனைக் குழம்பாகவே வைப்பது.

இன்னொன்று, ஆவியாகிக் குறைந்ததை நிரப்புவது தண்ணீர் மாற்றுவதாகாது. ஆவியாவது தண்ணீர் மட்டும்தான். உப்பெல்லாம் உள்ளேயே தங்கிவிடும். போர் தண்ணீர் வீடுகளில் கண்ணாடி விளிம்பில் படியும் வெள்ளைக் கோடு அதுதான்.

புதிதாகத் தொட்டி வாங்குகிறவர்கள் ஈசானிய மூலையா, அக்னி மூலையா என்று என்னைக் கேட்கிறார்கள். குளியலறை எத்தனை அடி தள்ளி இருக்கிறது என்று நான் கேட்பேன். குழாய் எட்டுகிற தூரம் என்றால் வாளியே வேண்டாம்.